இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவே

நீண்ட காலம் மூடிக் கிடந்த ஃபிரிட்ஜைத் திறக்கும்போது ஒரு மணம் வரும். பழைய இறப்பரும் அப்பச்சோடாவும் காய்ந்த துணியும் கலந்த மணம். நேற்றுக் காலை விட்பியில் உங்கள் வீட்டு வாசலில் நிற்கும், சமைத்துப் படுத்துப் பயணம் போகும் ஆர்விக்குள் ஏறி அந்தச் சின்னக் கதவைத் திறந்தபோது அது என் முகத்தில் வந்து மோதியது. உள்ளே மூன்று கம்பித் தட்டுகள் இருந்தன. நடுத்தட்டில் உன் வெப்பமானி, மின்கலம் செத்துப்போய், இன்னமும் நீ கட்டிய நூலிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

உன் அண்ணா அந்த வாகனத்தை விற்கிறார். வாங்க வருபவர் தொலைபேசியில் கேட்டது ஒன்றைத்தானாம்: தான் வந்து பார்க்கும்போது ஃபிரிட்ஜ் குளிர்ந்திருக்க வேண்டும். அண்ணா எனக்கு அழைத்தார்.

"ஒருக்கா வந்து போட்டுவிடுறியா? எனக்கு அது பிடிபடாது. உங்க ரெண்டு பேற்றை சொல்லைத்தான் அது கேட்கும்."

ரெண்டு பேர் என்று சொல்லிவிட்டு அவர் பேச்சை நிறுத்திவிட்டார். வருகிறேன் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன்.

மோர்னிங்சைடிலிருந்து பஸ் எடுத்து, பிறகு ட்ரெயின் எடுத்து வந்தேன். அண்ணா வேலைக்குப் போயிருந்தார். உங்கள் ட்ரைவ்வே வீதியை நோக்கிச் சரிந்திருப்பதால் முன்சக்கரங்களுக்குக் கீழே பலகை கொடுத்து நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் போயிருந்தார். அதை மட்டும் அவர் மறக்கவில்லை. நான் காஸைத் திறந்து சுடரை ஏற்றி, பின்பக்க மூடியின் துவாரங்களுக்குள் குனிந்து பார்த்தேன். நீலமாக ஒரு விரல் நகத்தளவு எரிந்தது. உன் அம்மா வாசற்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்ப குளிரும் புள்ள?"

"நாளைக்குத்தான் தெரியும் அன்ரி."

"அப்ப இண்டைக்கு இங்கயே நில்லு."

உனக்குத் தெரியும், இந்த வகை ஃபிரிட்ஜை அவசரப்படுத்த முடியாது. வீட்டிலிருப்பதைப் போல இதற்குள் மோட்டார் ஓடுவதில்லை. பின்னால் எரியும் சுடர் ஒரு திரவத்தைக் கொதிக்கவைக்க, அது குழாய்களில் மேலேறி, பிறகு தன் பாரத்தில் தானே வழிந்து இறங்குகிறது. இறங்குகிற வழியில் உள்ளிருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. வாகனம் சரிந்து நின்றால் திரவம் எங்கேயோ தேங்கிவிடும், குளிரும் நின்றுவிடும். இதையெல்லாம் நீ வாசித்துக் கண்டுபிடித்தது, அத்திலாந்திக் கரைக்குப் போவதென்று நீ முடிவெடுத்த அந்தக் கோடையில்.

நெருப்பை வைத்துக் குளிரை எடுக்கிறார்கள் என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. "நீ இவ்வளவு புத்தகம் வாசிச்சு என்ன பிரயோசனம்?" என்று கேட்டாய். பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு மேசையில் நாங்கள் பழகிய முதல் வாரத்திலும் நீ இப்படித்தான். சட்டையை லேசாக உயர்த்தி வயிற்றில் இன்சுலின் போட்டாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "என்னடி, உனக்கே குத்தினனான்?" என்றாய். அந்த ஊசியைப் பற்றி நமக்குள் அதற்குப் பிறகு அதிகம் பேச்சில்லை. அது உன்னுடன் வரும் இன்னொரு ஆள் போல, எங்கே போனாலும் அதற்கும் ஓர் இடம் ஒதுக்க வேண்டியிருந்தது.

பயணத்தைப் பற்றி நீ வீட்டில் சொன்ன அன்று நானும் உங்கள் சமையலறையில் இருந்தேன். உன் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு மாசமா? அந்த மருந்தை எங்க வைப்பாய்?"

"ஆர்வியில ஃபிரிட்ஜ் இருக்கம்மா."

"அது ஃபிரிட்ஜா? உன்ர அண்ணன் வாங்கின நாள் தொட்டு அதுக்குள்ள செருப்புத்தான் கிடக்கு."

"வழி நெடுக மருந்துக்கடை இருக்கு. பழுதாப் போனா வாங்கலாம்."

"கடை இருக்கும். கடைக்குப் போற பாதை திறந்திருக்குமா எண்டு உனக்குத் தெரியுமா?"

அவர் கேட்டது கனடாவின் நெடுஞ்சாலைகளைப் பற்றி அல்ல என்பது உனக்கும் எனக்கும் தெரியும். அவருடைய தம்பி, நீ ஒருநாளும் காணாத உன் மாமா, உன்னைப் போலவே சின்ன வயதிலிருந்து இன்சுலின் போட்டவர். போரில் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்துக்குள் ஒதுங்கியிருந்த காலத்தில் மின்சாரமும் இல்லை, ஐஸும் இல்லை. உன் அம்மா மருந்துப் போத்தலை ஈர மணல் நிரப்பிய சட்டிக்குள் புதைத்து, மணல் காயக் காயத் தண்ணீர் தெளித்தபடி இருந்தார். மருந்து பார்வைக்குத் தெளிவாகவே இருந்ததாம். போட்டார்கள், கேட்கவில்லை. கூட்டிப் போட்டார்கள், அதற்கும் கேட்கவில்லை. அவர் இறந்தபோது போத்தலில் பாதி மிச்சம் இருந்தது என்று அன்ரி என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார். உன்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று தெரியவில்லை. அந்தக் கதை தொடங்கினாலே நீ எழுந்து அறைக்குப் போய்விடுவாய்.

அன்று நீ எழுந்து போகவில்லை. "என்ன செய்தா விடுவீங்கள்?" என்று கேட்டாய்.

அவர் வெங்காயத்தை வைத்துவிட்டு உன்னை நிமிர்ந்து பார்த்தார். "வாசலிலயே ஒரு கிழமைக்குக் குளிரா வைச்சுக் காட்டு. சாப்பாடு கறி எல்லாத்தோடயும். பிறகு போ."

இரண்டு பாகைக்கும் எட்டுக்கும் நடுவே. மருந்துப் பெட்டியில் எழுதியிருப்பது அதுதான். குளிர வேண்டும், உறையக் கூடாது. நீ ஒரு வெப்பமானி வாங்கிவந்து நடுத்தட்டில் கட்டினாய். ஏறிய உச்சத்தையும் இறங்கிய அடியையும் அது நினைவில் வைத்திருக்கும். ஃபிரிட்ஜை ஏற்றிவிட்டு அரை நாளிலேயே பாலும் தண்ணீரும் உள்ளே வைத்தோம். மாலையில் பால் குடிக்கிற சூட்டில் இருந்தது. அண்ணா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "உது ஃபிரிட்ஜ் இல்ல, அலுமாரி. லைட் மட்டும் எரியுது" என்றார். பிறகுதான் ட்ரைவ்வேயின் சரிவு உன் கண்ணில் பட்டது. பலகை வைத்தோம். ஒரு முழு நாள் ஒன்றும் வைக்காமல் வெறுமையாக ஓடவிட்டோம். மறுநாள் அது நான்கைக் காட்டியது. நீ வெப்பமானியைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்குள் ஓடிப்போய் அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தாய். "ஓம், ஓம், இனிக் கறி வைப்பம்" என்றார்.

உன் அம்மா பயணத்துக்கு என்றே சமைத்தார். ஆட்டிறைச்சிக் கறி, மீன் குழம்பு, பருப்பு, பயற்றங்காய், தயிர். எல்லாவற்றையும் வீட்டு ஃபிரிட்ஜில் ஆறவைத்து, தன் கையாலேயே ஆர்விக்குள் அடுக்கினார். பாகை ஏறத் தொடங்கியது. பன்னிரண்டில் வந்து குந்திக்கொண்டது. பாதிச் சாப்பாட்டை வெளியே எடுத்தோம். அப்படியே இருந்தது. அண்ணா பின்மூடியைக் கழற்றி, சூட்டை வெளியே தள்ள ஒரு சின்ன மின்விசிறி பொருத்தினார். அதற்கும் அது அசையவில்லை.

"உது போயிட்டுது. வித்துப்போடுவம்" என்றார் அண்ணா.

"அப்ப போறேல்ல" என்றார் உன் அம்மா. அவர் குரலில் வெற்றி இருக்கவில்லை. அவருக்கும் அது குளிர வேண்டியிருந்தது என்று நான் அப்போதுதான் கண்டேன்.

நீ ஆர்வியின் படியில் இருந்து அழுதாய். நீ அழுவது எனக்குப் பழக்கமில்லை. "இருபத்தாறு வயசு. எனக்கு ஒரு கடலும் தெரியாது. ஒன்டாரியோ லேக்கைக் காட்டிக் கடல் எண்டுதான் என்னை வளத்தவை" என்றாய். அழுதுகொண்டே சிரித்தாய். பிறகு முகத்தைத் துடைத்துவிட்டு, கறிகளைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுபோகலாம் என்று கதவைத் திறந்தாய். மேல்தட்டில் வைத்த கையை எடுத்தாய். கீழ்த்தட்டில் வைத்தாய். மறுபடி மேலே வைத்தாய்.

"இஞ்ச வாடி. மேல கனடாவாக் கிடக்கு, கீழ மட்டக்களப்பாக் கிடக்கு."

நானும் வைத்துப் பார்த்தேன். மேல்தட்டில் தயிரின் ஓரம் உறைந்திருந்தது. நீ சட்டிகளை நகர்த்தினாய். ஒவ்வொரு தட்டிலும் தடித்த பிளாஸ்டிக் மேசைவிரிப்பு, தட்டின் அளவுக்கு வெட்டி, ஓரங்களை மேலே மடித்து, ஒரு விரல் நுழைய இடமில்லாமல் விரித்துக் கிடந்தது. பூப்போட்ட விரிப்பு.

உன் அம்மாவை அழைத்தாய்.

"அம்மா, இதென்ன?"

"என்ன, விரிப்பு. மச்சத்து வாடை மேல ஏறக்கூடாதெல்லோ. மேல மரக்கறி இருக்கு."

"வாடை ஏறேல்லத்தான். குளிர் இறங்கவும் ஏலாமக் கிடக்கு."

"வீட்டு ஃபிரிட்ஜிலயும் இதுதானே போட்டிருக்கிறன். அதுக்கு ஒண்டும் நடக்கேல்லையே."

"அதுக்குள்ள காத்தாடி சுத்துது அம்மா. இதுக்குள்ள ஒண்டும் சுத்தாது. குளிர் மேலயிருந்து தானா விழுந்தாத்தான் உண்டு."

எங்கள் வீட்டில் இறைச்சியும் மீனும் பருப்பும் ஒன்றுக்கு மேல் ஒன்று கிடக்கும். தவக்காலத்து வெள்ளிகளில் மட்டும் அம்மா கொஞ்சம் கவனிப்பார். உன் அம்மாவுக்கு அப்படி அல்ல. உனக்கு நோய் என்று தெரிந்த நாளிலிருந்து அவர் வெள்ளிக்கிழமைகளில் விரதம். அந்த ஒருநாள் உனக்கும் வீட்டில் மரக்கறிதான். அந்த நேர்த்திக்கு மச்சத்து வாடை படக்கூடாது என்பதற்காகத்தான் விரிப்பு. உனக்காகப் பிடித்த விரதம் உன் மருந்தின் குளிரை மறித்துக்கொண்டு நின்றது. அவர் அந்தப் பூக்களைப் பார்த்தபடி நின்றார்.

"அப்ப மச்சமும் மரக்கறியும் ஒண்டாவா கிடக்கப்போகுது?"

"மச்சம் வேண்டாம். முழுக்க மரக்கறி."

"நீயா? ஆட்டுக்கறி இல்லாம ஒரு மாசம்?"

"ஓம்."

"கடலுக்குப் போய் மீன் தின்னாமத் திரும்பி வருவாய், நான் நம்பவேணும்."

"ஃபிரிட்ஜுக்குள்ள வைக்கமாட்டன் எண்டுதான் சொன்னனான்."

அண்ணா வெளியே நின்று சத்தமாகச் சிரித்தார். உன் அம்மா சிரிக்கவில்லை. சட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து என் கையில் தந்தார். பிறகு விரிப்புகளைத் தானே இழுத்தெடுத்து, மடித்து, கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். அந்த வாரம் முழுவதும் அது மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே நின்றது. பிறகு நாங்கள் புறப்பட்டோம்.

அந்தப் பயணத்தில் நீ ஓட்டினாய், நான் வழி பார்த்தேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பலகை வைத்து வாகனத்தை மட்டமாக்கினோம். கதவைத் திறக்குமுன் என்ன எடுக்கப்போகிறோம் என்று சொல்ல வேண்டும் என்று நீ சட்டம் போட்டாய். "தயிர்" என்று சொல்லிவிட்டு ஊறுகாயையும் எடுத்ததற்காக ஒருநாள் என்னுடன் சண்டை பிடித்தாய். கடலை முதன்முதல் கண்ட இடத்தில் நீ சப்பாத்தோடு தண்ணீருக்குள் இறங்கி, குனிந்து, விரலை நனைத்து நக்கிப் பார்த்தாய். "உப்புத்தான்" என்றாய், யாரோ உன்னை ஏமாற்றியிருக்கலாம் என்று இவ்வளவு காலமும் சந்தேகப்பட்டவள் போல. கரையோரக் கடையில் ஒரு முழுச் சிங்கிறால் சாப்பிட்டாய். அன்று வெள்ளிக்கிழமை இல்லை என்பதை என்னிடம் இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாய்.

நேற்றுவரை யாரிடமும் நான் சொல்லாதது அதற்குப் பிறகு நடந்தது.

ஒரு சின்ன ஊரில் வாகனத்தைக் கடற்கரை மேட்டில் நிறுத்திவிட்டுப் படகில் ஒரு தீவுக்குப் போனோம். திரும்பப் பின்னேரமாகிவிட்டது. பகலில் காற்று மாறி, பின்பக்கத்துச் சுடரை அணைத்திருக்கிறது. யன்னல்கள் பூட்டிய வாகனம் வெயிலில் அடுப்பாகக் கிடந்தது. நீ கதவைத் திறந்தாய். வெப்பமானியில் உச்சம் முப்பதைத் தாண்டியிருந்தது. பெட்டியிலிருந்த மருந்து முழுவதும் பார்வைக்குத் தெளிவாகவே இருந்தது.

சிலது பழுதாகாமல் இருக்கலாமே, கேட்டுப் பார்ப்போம் என்றேன் நான். நீ பெட்டியை மூடினாய்.

"மாமாவுக்குத் தெரிவு இருக்கேல்ல. எனக்கு இருக்கு."

அவ்வளவுதான் சொன்னாய். கைப்பையில் இருந்த ஊசி அன்றைக்குப் போதும். மறுநாள் காலை அந்த ஊர் மருந்துக்கடைக்குப் போய், பெட்டியை அப்படியே கொடுத்து அழிக்கச் சொன்னாய். ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. உன் மருத்துவரின் சீட்டை அவர்கள் எடுப்பித்து, புதிய மருந்து மத்தியானத்துக்குப் பிறகு வரும் என்றார்கள். நாங்கள் கடைக்கு வெளியே மரவாங்கில் உட்கார்ந்து காத்திருந்தோம். அப்போது சொன்னாய்: "அம்மாட்டச் சொல்லாத. திரும்ப என்னை ஒரு இடமும் விடமாட்டா." நான் தலையாட்டினேன்.

அடுத்து வந்த மாசியில் உனக்குக் காய்ச்சல் என்றார்கள். நுரையீரலில் தொற்று என்றார்கள். உன் உடம்பு ஏற்கெனவே சுமந்துகொண்டிருந்ததோடு அதையும் சுமக்க இயலாது என்று சொல்ல அவர்களுக்கு அதிக நாள் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உன் அம்மா நின்ற விதம் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. நீ போய் இப்போது இரண்டு குளிர்காலம் கழிந்துவிட்டது.

இன்று காலை நான் எழும்பி வெளியே போனபோது அவர் எனக்கு முன்னரே ஆர்விக்குள் இருந்தார். நீ போனபிறகு அதற்குள் அவர் ஏறியதே இல்லை என்று அண்ணா சொல்லியிருந்தார். ஃபிரிட்ஜைத் திறந்து கீழ்த்தட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"குளிராத்தான் கிடக்கு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "புள்ள, உன்னை ஒண்டு கேக்கவேணும். உண்மையைச் சொல்லு. அந்தப் பயணத்தில மருந்து பழுதாகினதா?"

நான் பதில் சொல்லுமுன் அவர் தொடர்ந்தார்.

"பழுதான மருந்தைப் போட்டுத்தான் உள்ளுக்கு ஏதும் கெட்டுப்போச்சோ. பிறகு வந்த காய்ச்சலைத் தாங்கேலாமப் போச்சோ. டொக்டரிட்டக் கேட்டனான். இல்லையாம். அவருக்கு என்ன தெரியும், அவர் அங்க இருந்தவரே? நீதானே இருந்தனி." கையை இன்னும் எடுக்கவில்லை. "போ எண்டு சொன்னது நான்தான் புள்ள."

நீ சொல்லாதே என்றாய். நான் சொல்லிவிட்டேன். நீ பயந்தது இனி நடக்காது. உன்னை எங்கும் போகாமல் மறிக்க இனி அவரால் முடியாது. படகு, காற்று, அணைந்த சுடர், வெப்பமானியில் நின்ற உச்சம், எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். மருந்து பழுதானது என்ற இடத்தில் அவர் கண்களை மூடிக்கொண்டார். நான் நிறுத்தாமல் மீதியையும் சொன்னேன்.

"எல்லாத்தையுமா குடுத்தவள்?"

"எல்லாம் அன்ரி."

"ஒண்டு ரெண்டு வைச்சிருப்பாள்."

"இல்லை. நான் கேட்டனான், வைக்க மாட்டன் எண்டவள். மாமாவுக்குத் தெரிவு இருக்கேல்ல, எனக்கு இருக்கு எண்டு சொன்னவள்."

அவர் ஃபிரிட்ஜைச் சாத்தினார். சாத்திய கதவில் கையை வைத்தபடி மெல்லக் கீழே, படியில், அமர்ந்தார். குளிர்ந்திருந்த உள்ளங்கையை மற்றக் கையால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அவன்ர கதையை எடுத்தாலே எழும்பிப் போயிடுவாள்" என்றார். பிறகு, "கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்" என்றார்.

பதினொரு மணியளவில் வாங்குபவர் தன் மனைவியோடு வந்தார். ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்து, திருப்தியாகத் தலையசைத்தார். சமமான இடத்தில் நிறுத்த வேண்டும், ஒருநாள் முன்னதாக ஏற்ற வேண்டும், தட்டுகளில் ஒன்றும் விரிக்கக் கூடாது, காற்று அடிக்கும் நாளில் சுடரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நான் அவர்களுக்குச் சொன்னேன். அவர் மனைவி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டார். வெப்பமானியை நான் கழற்றவில்லை. அது அவர்களுக்கு வேண்டும். புது மின்கலம் போட்டுவிட்டேன்.

வாகனம் வீதி முனையில் திரும்பி மறைந்த பிறகு அண்ணா பலகைகளைக் கராஜுக்குள் எடுத்துக்கொண்டு போனார். உன் அம்மா என் பக்கத்தில் நின்றார்.

"அந்த மருந்துக்கடையை எனக்கு ஒருக்காக் காட்டுவியா?"

"கடற்கரையையா அன்ரி?"

"கடல் நான் கண்டிருக்கிறன். கடையைத்தான்."

"ஆர்வியை இப்பத்தானே குடுத்தனாங்கள்."

"கார் போதும் புள்ள. எனக்குக் குளிரில வைக்க ஒண்டும் இல்லையே."

திரும்பி வரும் ட்ரெயினில் யன்னலோரம் இருந்து அந்த வழியை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். வழி பார்ப்பதுதானே என் வேலை. ஆற்றைக் கடக்கும் பாலம், எரிபொருள் நிலையத்துக்குப் பிறகு வரும் நீண்ட காடு, கடல் சட்டென்று வலப்பக்கம் திறக்கும் வளைவு, மேட்டில் ஏறும் வீதி, கடைவாசல், வாங்கு. ஒரு திருப்பத்தையும் நான் தொலைக்கவில்லை. ஜூலையில் உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.